இரண்டாவது கோபுரம்

மே 1, வியாழன்

போதகர் நஃபதாலி ஆள் அனுப்பியிருக்கிறான். தொண்டை கட்டிவிட்டதாம். ஞாயிறு பிரசங்கத்தை நான் செய்ய வேண்டுமாம். எருசலேம் ஆலயம் இடிபடும் என்று ஆண்டவர் முன்னறிவித்த பகுதி. இறையியல் கல்லூரியில் அதற்கு விளக்கம் எழுதி முதலாவதாக வந்தவன் நான். கடைசி ஆண்டில் நான் பீர் குடித்ததைப் பேராசிரியர்களிடம் சொல்லி என் குருப்பட்டத்தை நிறுத்தியவன் உடன்படித்த இந்த நஃபதாலி. அன்றிலிருந்து அவன் போதகர், நான் பள்ளிக்கூட வாத்தியார். அதுவும் சமோவாத் தீவின் இந்த மூலையில், மனைவி லூபேயின் ஊரில்.

மே 3, சனி

அவன் வீட்டுக்குப் போனேன். கம்மிய குரலில் சொன்னான்: "ரோமாபுரிக்காரன் வந்து இடிச்சான், சொன்னது நிறைவேறிடுச்சு, அவ்வளவுதான். சீக்கிரம் முடிச்சிடு, எத்தேவாத்தி. ஜனங்களுக்கு அடுப்புல கிழங்கு ஆறிடும்."

சரியான விளக்கமும் அதுதான். என் எரிச்சலே அதுதான்.

மே 4, ஞாயிறு

பேசிவிட்டேன். ரோமர் வரலாறு முழுவதையும் சொன்னேன். பிறகு தாளில் எழுதாத ஒன்று வாயில் வந்தது. சீடர்கள் ஆலயத்தைக் காட்டி, எவ்வளவு பெரிய கற்கள் என்று வியந்தார்கள். நாமும் பக்கத்து ஊரில் இரண்டு கோபுரம் இருக்கிறது என்பதற்காக நம் கோயிலுக்கும் இரண்டாவது கோபுரம் கட்டி வியந்துகொண்டிருக்கிறோம். கல்மேல் கல் நிற்காது என்றது எருசலேமுக்கு மட்டும்தானா?

முன்வரிசையில், அந்தக் கோபுரத்தை முன்னின்று கட்டிய நஃபதாலியின் முகம் வெளிறிப்போனது. மத்தியானம் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை அவ்வளவு ருசியாக இருந்தது. லூபே மட்டும் சாப்பிடவில்லை.

"பிரசங்கமா பண்ணீங்க? பழி தீர்த்தீங்க."

மே 6, செவ்வாய்

நிலநடுக்கம். பெரியதல்ல. வகுப்பில் சுவரில் மாட்டிய வரைபடம்கூட விழவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன் - இரண்டாவது கோபுரம் சாயவில்லை. இறங்கியது. கீழேயிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல நேராக இறங்கியது. அதன் மேல்பாதி கோயில் கூரைமேல் விழுந்தது.

உள்ளே சியேனி இருந்தாள். பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லித்தருபவள்.

நான் என்ன பேசினேன்? உண்மையில் என்னதான் பேசினேன்?

மே 7, புதன்

சியேனியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கடைக்குப் போனேன், பேச்சு நின்றது. ஒருத்தி என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். இன்னொருத்தி தன் பிள்ளையை என் நிழல் படாமல் இழுத்துக்கொண்டாள். இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை.

மே 10, சனி

ஊர்த் தலைவர்களின் சபைக்குக் கூப்பிட்டார்கள். மூத்த தலைவர் சவேலியோ கேட்டார்: "கடவுள் உனக்குச் சொன்னாரா? சொல்லியிருந்தா, தெளிவா எங்ககிட்ட ஏன் சொல்லலை? அவர் சொல்லலைன்னா நீதான் கோயிலைச் சபிச்சிருக்கே."

வேதப் பகுதிக்கு விளக்கம் சொல்வது வேறு, குறி சொல்வது வேறு என்று ஆரம்பித்தேன். அந்தத் தீர்க்கதரிசனம் எருசலேமில் எப்போதோ முடிந்துபோன விஷயம் என்றேன்.

சியேனியின் அண்ணன் தாவிதா குறுக்கிட்டான்: "அப்போ என் தங்கச்சி கால் எருசலேம்லயா போச்சு, வாத்தியாரே?"

போதகரைக் கேட்டார்கள். நஃபதாலி தான் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தபடி, "எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லை" என்றான்.

தீர்ப்பு: வெள்ளிக்கிழமைக்குள் நாங்கள் ஊரைவிட்டுப் போக வேண்டும். நான் வெளியூர் மாப்பிள்ளை, எனக்கென்ன. லூபே பிறந்த வீடு இது.

மே 11, ஞாயிறு

"போதகர் வாசல்ல போய்ப் பாயைப் போர்த்திக்கிட்டு உட்காருங்க," என்றாள் லூபே. "அவர் கையால அதை எடுத்துட்டா ஊர் மன்னிச்சிடும்."

சமோவாவில் கொலை செய்தவனின் குடும்பமும் அப்படித்தான் மன்னிப்புக் கேட்கும். ஆனால் அவனிடமா? செத்தாலும் மாட்டேன் என்றேன்.

"சாகுறது நீங்க மட்டும்னா சரி."

மே 13, செவ்வாய்

எப்படி எழுதுவது. விடியும்போது நாய் விடாமல் குரைத்தது. எங்கள் வாசல் புல்லில் யாரோ குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமேல் நெய்த பாய், ஓரத்தில் சிவப்பு இறகுகள். கால் விரல்களைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நஃபதாலி.

ஒரு போதகர் பாய் போர்த்தி உட்கார்ந்ததை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எதற்காக என்று எனக்குத் தெரியவில்லை. பாயை எடுக்கும்வரை அவன் பேசக் கூடாது, நானும் கேட்க முடியாது. வேலிக்கு வெளியே ஊர் கூடிவிட்டது. நான் உள்ளேயே நின்றேன். வேகட்டும் என்று ஒரு மனம். லூபே பக்கத்தில் வந்து, "வெயில் ஏறுது" என்றாள்.

எடுத்தேன். மன்னித்து அல்ல, தெரிந்துகொள்ள.

"அடித்தளம் தோண்டும்போது கடப்பாரை உள்ளே போயிடுச்சு, எத்தேவாத்தி," என்றான். "கையை விட்டு நழுவிப்போச்சு. விழுந்த சத்தமே கேக்கலை. எரிமலைக் குழம்பு ஓடின பொந்து. நானும் மேஸ்திரியும்தான் பார்த்தோம். சிமெண்ட் ஊத்தி மூடச் சொன்னேன். அவன் ஆக்லாந்து போயிட்டான்."

கையிலிருந்த பாயைப் புல்லில் வைத்தேன்.

"நீ அன்னைக்குப் பேசினப்போ, உனக்கு எப்படியோ தெரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். அப்பவே கோயிலைப் பூட்டியிருக்கலாம். சபையிலயாவது வாயைத் திறந்திருக்கலாம்."

எனக்கு எதுவும் தெரியாது என்றேன்.

தலையை நிமிர்த்தினான். "அப்போ ஏன் அப்படிப் பேசினே?"

மே 14, புதன்

பொந்தைப் பற்றி நஃபதாலியே சபையில் சொன்னதும், நாங்கள் ஊரைவிட்டுப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நஃபதாலியின் பதவி போய்விட்டது. இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? லூபே பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி அடுக்கினாள். நான் உதவிக்குப் போகவில்லை.

மே 24, சனி

சியேனி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விடியலில் நஃபதாலி பாயோடு அவள் வீட்டு வாசலுக்குப் போனான். நானும் போனேன். "நீ எதுக்கு?" என்றான். அவன் அன்று கேட்டதற்கான பதிலை வழியில் சொன்னேன்: லூபே சொன்னதுதான், பழி. வாசலில் உட்கார்ந்ததும் அவன் பாயின் ஒரு பாதியை என் தலைமேல் இழுத்துவிட்டான்.

இருவருக்குப் போதவில்லை. உள்ளே ஊன்றுகோல் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. தாவிதாவின் கால்கள் வாசல்வரை வந்தன, நின்றன, திரும்பின. மத்தியானம் மழை. பாய் நனைந்து கனத்தது. யாரும் வந்து எடுக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் எழுந்து வந்தோம்.

நாளை விடியலில் வந்து கூப்பிடுகிறேன் என்றான். நானே வருகிறேன் என்றேன்.