சிவப்புப் பட்டனும் சித்தியின் இடது முழங்காலும்

அன்பு மகள் நிருபமாவுக்கு உன் சித்தப்பா நாகேஷ் எழுதுவது. இங்கே நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், உன் சித்தி காந்தா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறாள், நீ அந்த நெதர்லாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க முத்தியாலம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால் காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

இன்று காலை முழங்கால் ஆபரேஷன் என்று சொன்னேன் அல்லவா, அது நடக்கவில்லை, நிறுத்தியது நான்தான். பீன்யா கம்பெனியில் என் கண்ணுக்குத் தப்பி ஒரு கோளாறான பேரிங்காவது வெளியே போனதுண்டா, ஜப்பான்காரனே வந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், உனக்குத் தெரியும். நேற்று பெரிய டாக்டர் ஸ்ரீகண்டன் இடது முழங்காலில் பேனாவால் அம்புக்குறி போட்டார். காலையில் ஆயா உடம்பு துடைத்தபோது அது அழிந்துபோயிற்று. ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது, காலில் குறி இல்லை, வலது காலை அறுத்துவிட்டால்? எங்கள் கம்பெனியில் தப்பு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் சிவப்புப் பட்டனை அழுத்தலாம், லைன் அப்படியே நிற்கும், யாரும் திட்டமாட்டார்கள், கை தட்டுவார்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒன்று வேண்டும் என்றுதானே நீ ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதியிருக்கிறாய். கட்டிலுக்கு மேலே சுவரில் சிவப்பாக ஒன்று இருந்தது, அழுத்திவிட்டேன். இருபது டாக்டர்கள் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள், காந்தா நாலு பேர்தான் என்கிறாள். ஆஞ்சலா சிஸ்டர், "அய்யோ சார், அது ஹார்ட் நின்னா அழுத்துறது! உங்க வீட்டம்மா நல்லாத்தானே உக்காந்திருக்காங்க!" என்று கத்தியது.

ஸ்ரீகண்டன் வந்து, யாருய்யா இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். பயத்தில் உன் பெயரைச் சொல்லிவிட்டேன், கூடவே உலகத்து ஆஸ்பத்திரிகளையெல்லாம் சோதனை போடப்போகிறவள் என்றும் சேர்த்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இந்த ஆஸ்பத்திரியின் சம்மதம் இருந்தால்தான் உனக்குப் பணம் வரும் என்றாயே, அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவரே இவர்தானாம். முழங்காலைக் குனிந்து பார்த்தார். நாளைக் காலை ஆபரேஷன், உங்கள் பெண்ணை எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார். கோபமா என்ன என்று முகத்தில் தெரியவில்லை.

உன் ஆராய்ச்சி என்னால் கெட்டது என்றால் என்னைத் திட்டு, ஆனால் நாளைக்குப் பிறகு திட்டு. இன்னும் யாரும் வந்து குறி போடவில்லை. சிஸ்டர்கள் என்னைப் பார்த்தாலே திரும்பிக்கொள்கிறார்கள். எந்தக் கால்மா என்று அவர்கள் கேட்டால் உன் சித்தி பயந்துபோய், "ரெண்டும்தாம்மா வலிக்குது" என்கிறாள். இனி எதையும் அழுத்தமாட்டேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிவிட்டாள். கம்பெனியில் ஒரு பீஸ் கெட்டால் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு வேறு எடுப்போம். எனக்கு இவளை விட்டால் வேறு யார்?

ஸ்ரீகண்டனுக்கு உடனே போன் பண்ணு. முதலில் இடது கால் என்று அவர் வாயால் சொல்லவை, பணப் பேச்சு அப்புறம். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், நீ கேட்டது கிடைக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், சித்தியின் வலது முழங்காலை ஒரு கையால் மூடிக்கொண்டு எழுதுகிறேன், நீ பேசிவிட்டேன் என்று சொல்லும்வரை எடுக்கமாட்டேன்.

ஆசீர்வாதங்களுடன்,
ஜீவனஹள்ளி சித்தப்பா நாகேஷ்