முப்பத்தேழாம் நம்பர்

அன்பு மகள் ரெனிஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவுக்குச் சுகம், நீ சுகமாக இருக்கவும் தினமும் ஜெபிக்கிறோம். எனக்கும் சுகம் என்று எழுத வந்த கை நின்றுவிட்டது, ஏன் என்று கீழே சொல்கிறேன். இரணியலில் மூன்று நாளாக மழை, உன் தம்பி ஜெபிஷ் உட்கார்ந்து தின்றே தொப்பை போட்டுவிட்டான், நீ போனில் நன்றாக நாலு திட்டு திட்டு.

கிறிஸ்மஸுக்கு வரவில்லை என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு ஜீன்கள், தனித்தனியாக இருந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஒரே ஆளிடம் சேர்ந்தால்தான் சர்க்கரை வருகிறது என்று கணக்குப் போட்டுக் கண்டாயே, நம் சபையில் ரத்தம் கொடுத்தவர்களில் இரண்டும் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர், அதில் முப்பத்தேழாம் நம்பருக்கு மட்டும் நோய் இல்லை, அந்த ஆளைக் காப்பாற்றுகிற மூன்றாவது ஜீன் எது என்று பார்க்காமல் ஊருக்கு வரமாட்டேன் என்றாய். யாரோ பாக்கியசாலி என்றும் சொன்னாய்.

மகளே, அந்த முப்பத்தேழு நான்தான். சபை ஹாலில் எல்லாரையும் வரிசையில் விட்ட எனக்கு என் நம்பர் மறக்குமா? எனக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. உனக்கு ஜெர்மனி விசா வந்த வாரம்தான் தெரிந்தது, சொன்னால் கட்டிய பெட்டியைப் பிரித்துவிடுவாய் என்று மறைத்தேன். பிறகு சபையில் ரத்தம் எடுக்க வந்த நீயே கேள்வித் தாளை நீட்டியபோது நோய் இல்லை என்று டிக் போட்டேன், மாத்திரை போடுவதால் ரத்தத்திலும் அளவு சரியாக வந்துவிட்டது. உன் அப்பா அன்றைக்கே, "உள்ளத எழுதுட்டி, பிள்ளைக்க படிப்பு விஷயம்லா" என்றார். ஒரு ஆள் பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அவர் வாயை அடைத்தேன். இப்போது உன் ஏழு மாத உழைப்பு போயிற்று, இல்லாத ஒன்றைத் தேட வைத்த பாவி நான். போனில் சொல்ல வாய் வரவில்லை. என்னைக் காப்பாற்றுகிற மூன்றாவது, அக்கம்பக்கத்தில் தெரியாமல் அப்பா புதுக்கடை ஊர் வரை போய் வாங்கி வந்து அரிசிப் பானையில் ஒளித்து வைக்கிற மாத்திரைதான்.

உன் சார் திட்டினால் அம்மா மேல் பழி போடு. அந்த இரண்டு ஜீன்களும் என்னிடமிருந்து உனக்கும் வந்திருக்கலாம், காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் பார்த்துவிட்டு எனக்கு உள்ளதைச் சொல், என்னைப் போல மறைக்காதே. கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். தேட ஒன்றுமில்லை, டிக்கெட் போடு.

இப்படிக்கு,
பாக்கியசாலி அல்லாத உன் அம்மா,
தேவகனி இஸ்ரவேல்