குப்பைத்தொட்டியில் இருந்த கடிதங்கள்

ஆவணி 14, வியாழன்

இன்று மத்தியானம் மருமகள் கவிதா எங்கள் பனியன் கம்பெனிக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தாள். வேகம் குறைந்துவிட்டதாம்.

"ஏனுங்க மாமா, ரீசைக்கிள் பின்னுல இத்தனை குப்பைய வெச்சிருக்கறீங்க? எல்லாத்தையும் காலி பண்ணிட்டனுங்க."

"ஆரக் கேட்டுப் பண்ணுனே?"

"குப்பைதானுங்களே மாமா?"

"ஆமா, குப்பைதான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவை மகள் சுமதிக்கு நான் எழுதிய கடிதங்கள். அவள் தான் விரும்பியவனோடு உடுமலைப்பேட்டையில் குடித்தனம் நடத்துகிறாள். அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஐந்து வருடமாக, மனசு கேட்காதபோதெல்லாம் ஒரு கடிதம் தட்டுவேன், உடனே அழித்துவிடுவேன். யாரிடமும் கேட்காமல் நானாகக் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டர் இது. அழித்தது அந்தத் தொட்டியில் கிடக்கும், 'ரீஸ்டோர்' கொடுத்தால் இருந்த இடத்துக்கே திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ முறை அப்படி எடுத்துப் படித்திருக்கிறேன். தொட்டியையே காலி செய்தால் திரும்பாது என்பதும் தெரியும்.

சுமதிதான் முதலில் என்னைத் தேடி வரவேண்டும். அதில் இன்றும் எனக்கு மாற்றமில்லை. ஆனாலும் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து மறுபடி தட்டிப் பார்த்தேன். பழைய வரி ஒன்றுகூட வரவில்லை. "கண்ணு, சாப்பிட்டயா?" என்பதற்கு மேல் கை ஓடவில்லை.

அதை அழிக்கவில்லை. 'சுமதிக்கு' என்று பெயர் கொடுத்து, டெஸ்க்டாப்பின் நடுவில், திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். காலையில் கம்ப்யூட்டரை முதலில் திறப்பது கவிதாதான்.