குடைப் படம் போட்ட பதினேழாவது ஆள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் நலம். அங்கே நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதையெல்லாம் அம்மா தனியாகக் கேட்பாள், நான் பொதுவாகக் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசாமல் இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீ யோசிப்பாய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தை வைத்தாலும் மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டும், அதனால்தான். உங்கம்மா சைக்கிள் பழகுகிறாள் தெரியுமா. நேற்று தெருமுனை வரை போய்விட்டாள், திரும்பத் தெரியாததால் இறங்கி, சைக்கிளைத் திருப்பி வைத்து, மறுபடி ஏறி வந்தாள். சிரிக்காதே, நான் சிரித்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை நானே போட்டுக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதக் கடைசியில் நீ அம்மாவிடம், "இன்னும் ஒரு மாசம்தாம்மா பாப்பேன், வேலை கொடுக்க ஆள் வரலைன்னா பழைய கம்பெனிக்கே போயிடறேன்" என்று சொன்னாயே, அன்றைக்கு எனக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. ஒரே சோப்பு டப்பாவை எட்டு மாதம் வரைய வைத்த கம்பெனிக்கு என் பெண் திரும்பப் போவதா என்று யோசித்துக்கொண்டே ஒருவருடைய பீரோ சாவியைக் கதவுச் சாவியாக அராவிவிட்டேன். அப்போதுதான் பக்கத்துச் சலூன்காரர் வந்து, கடைக்குப் புதுசாகப் போர்டு வைக்க வேண்டும், யாராவது வரைந்து தருவார்களா அண்ணே என்று கேட்டார். என் மூளை எப்போதாவதுதான் வேலை செய்யும், செய்தால் இப்படித்தான் செய்யும். உன்னிடம் நேராகச் சொன்னால் அப்பா சிபாரிசு வேண்டாம் என்பாய். அதனால் நீ வேலை தேடுகிற அந்த இணையச் சந்தையிலேயே சலூன்காரர் பேரில் ஒரு கணக்குத் திறந்து, இந்த மாதிரி போர்டு வரைய ஆள் வேண்டும் என்று நானே தட்டிப் போட்டேன். நீதான் தினம் நாற்பது பேருக்கு எழுதுகிறேன் என்கிறாயே, இதற்கும் எழுதுவாய், சத்தம் போடாமல் உன்னையே எடுத்துவிடலாம், உனக்குத் தெரியவே தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்பது பேர் எழுதிவிட்டார்கள். அப்புறம்தான் என் திட்டத்தில் ஒரு சின்ன ஓட்டை இருப்பது தெரிந்தது. அங்கே யாரும் சொந்தப் பேரில் இல்லை. ஒருவர் பருந்து, ஒருவர் மின்னல், ஒருவர் வெறும் மூன்று எழுத்து. நீ என்ன பேரில் கடை போட்டிருக்கிறாய் என்று இத்தனை நாளில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சரி, எழுத்தைப் பார்த்தால் என் பெண்ணைத் தெரியாதா என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தேன். தெரியவில்லையம்மா. எனக்குப் பல வருட அனுபவம் உண்டு, நான் ஆர்வத்தோடு உழைப்பேன், உங்கள் தேவையை முழுமையாக நிறைவேற்றுவேன் என்று முப்பத்தெட்டு பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி எழுதியிருந்தார்கள். ஒரே ஒருவர்தான் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், கடை வாசலில் மரம் இருக்கிறதா, எதிர்ப் பக்கத்தில் நின்று பார்த்தால் போர்டு முழுசாகத் தெரியுமா என்று கேட்டிருந்தார். சலூன்காரர் பாதிச் சவரத்தில் ஆளை விட்டுவிட்டு எதிர்ப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தார். பத்து வருடமாக அவர் போர்டில் பாதியை மரம் மறைத்துக்கொண்டிருக்கிறது, அவருக்கே தெரியாது. "அண்ணே, எங்கயோ இருக்கற ஆளுக்கு என் கடை வாசல் தெரியுதே, இவரையே போடுங்க" என்றார். நியாயம்தானே, போட்டுவிட்டேன்.

மீதி முப்பத்தெட்டு பேரையும் அப்படியே விட மனசு வரவில்லை. என் கடைக்கு வருகிறவரிடம்கூட இந்தச் சாவி வெட்ட முடியாது என்றால், ஏன் முடியாது என்று சொல்லித்தான் அனுப்புவேன். சலூன்காரர், "வேணாம்னா வேணாம்தான், அதுக்குக் காரணம் வேறயா" என்று சலித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. 'உங்களைப் பற்றி நன்றாகச் சொன்னீர்கள், என் கடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே' என்று ஒரு வரி எழுதி, முப்பத்தெட்டு பேருக்கும் அதையே அனுப்பினேன். ஒரே கடிதத்தை ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள் என்று குறை சொன்னவன் செய்த காரியம் அது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாயே, அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "மூணு பேர் வந்துட்டாங்கம்மா, கம்பெனிக்கெல்லாம் போகலை" என்று நீ சொன்னதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். "யாரோ ஒரு சலூன்காரர்மா, வேண்டாம்னு சொல்லிட்டுக் காரணமும் எழுதியிருந்தாரு, சரியான சிடுமூஞ்சி, ரெண்டு நாள் திட்டிக்கிட்டே இருந்தேன், மூணாம் நாள்தான் அவர் சொன்னது சரின்னு பட்டுச்சு" என்றாய். எனக்குப் புரையேறியது அப்போதுதான். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று நீ கேட்டாய், டீ சூடு என்று அம்மா சொன்னாள். போனை வைத்த பிறகு அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எந்தப் பூட்டும் திறந்திருக்கும், நானும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "பெத்த பொண்ணை அடையாளம் தெரியாம வேணாம்னு சொன்ன மகராசன் நீங்கதானா" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு இரண்டு பேருமாகத் தேடினோம். மஞ்சள் குடைப் படம் போட்ட பதினேழாவது ஆள். உன் பத்து வயசுக் குடை அது என்று அம்மா உடனே சொல்லிவிட்டாள். நான் அன்றைக்கு, யாரோ குடை வியாபாரி வழி தவறி வந்துவிட்டார் போல என்று தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். ஆனால் மறைத்து வைத்தால் எனக்குத் தூக்கம் வராது, அதனால்தான் எழுதினேன். இப்போது செய்கிறாயே, தினம் நாலைந்து பேருக்கு மட்டும், கேட்பதைப் படித்துவிட்டு எழுதுகிறாயே, அதை விட்டுவிடாதே. அந்த மூன்று பேரில் ஒருவரான கால்நடை மருத்துவரிடம் நாயும் பூனையும் ஒரே அறையில் காத்திருக்குமா என்று கேட்டாயாமே, அவர் இரண்டாவது வேலையும் கொடுத்தாராமே, அதைச் சொல்லிச் சொல்லி இந்தத் தெருவையே நான் அறுத்துக்கொண்டிருக்கிறேன். வீடு பூட்டிக்கொண்டு வெளியே நிற்பவனிடம் போய் எனக்கு முப்பது வருட அனுபவம் என்றா நான் சொல்கிறேன், சாவி உள்ளே இருக்கிறதா, தொலைந்துவிட்டதா என்றுதானே கேட்கிறேன். இவ்வளவும் தெரிந்தவன் உனக்கு முன்பே சொல்லியிருக்கலாம், யோசனை வந்தால்தானே. வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம், பிடித்திருந்தால் என் வேலையைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள் என்று கேட்கக் கூச்சப்படாதே. எல்லாமே செய்வேன் என்று போடாதே, கடைப் போர்டும் பெயர் எழுத்தும் உனக்கு நன்றாக வருகிறது, அதையே முன்னால் வை. முடியாத தேதிக்குத் தலையாட்டாதே, அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது.

சலூன்காரர் போர்டு வைத்துவிட்டார், மரத்துக்குக் கீழே, தெரு முழுக்கத் தெரிகிறது. உள்ளே விலைப் பட்டியல் ஒன்று வரைய வேண்டுமாம். திங்கட்கிழமை இணையச் சந்தையில் அவரே போடப்போகிறார், அவரே பார்த்து எடுப்பார், நான் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். நீ யார் என்று அவரிடம் சொல்லவில்லை. விருப்பமிருந்தால் நீயும் எழுது. மரத்தைப் பற்றி மட்டும் கேட்காதே, அதை ஒருவர் கேட்டுவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூடி வரட்டும், மனசு நிறைந்து இருக்கட்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். உன் வாடகை வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்து யாரிடமாவது கொடுத்து வை, மூன்று முறை சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னை வேண்டாமென்று சொல்லிக் காரணமும் எழுதிய ஒரே வாடிக்கையாளன்,
உன் அப்பா