எது நல்ல சிவில் கத்தி

நேற்றுப் பகல் தபால்காரர் ஒரு பார்சலைக் கொண்டு வந்து கொடுத்தார். நான் உடனே பிரிக்கவில்லை. என் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. முதலில் குலுக்கிப் பார்த்தேன். பிறகு மோந்து பார்த்தேன். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலின் வாசனை. அப்புறம் தபால் முத்திரையைப் பார்த்தேன், திருவரங்குளம். நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை, அங்கிருந்து எனக்கு யார் பார்சல் அனுப்புவது? அனுப்பியவர் உன் தம்பி என்று தெரிந்த பிறகும் நூலை அறுக்கவில்லை, முடிச்சை அவிழ்த்தேன். ஏதாவது வில்லங்கம் என்றால் அப்படியே திரும்பக் கட்டி அனுப்பிவிடலாம் அல்லவா?

உள்ளே உன் கத்தி. ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தோல் பட்டை, அதன் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. கூடவே ஒரு கார்டு. "ரெண்டு கத்தியும் நீங்களே வச்சுக்கங்க. இனிமே மாத்துற வேலை மிச்சம்னு அக்கா சொல்லச் சொன்னாங்க."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. உன் தம்பிக்கு அதன் பொருள் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. பதினைந்து வருடமாக ஒருத்தருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த திருட்டை, போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அப்படியென்றால் உனக்கு இன்னும் என்னென்ன தெரியும்? அந்தக் கேள்விதான் நேற்றிலிருந்து என்னைக் குடைகிறது.

சமஸ்தானம் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். புதுக்கோட்டையில் பெண்களுக்கான கைத்தொழில் பள்ளி ஒன்றில் தோல் வேலை கற்றுக்கொடுக்க நாம் இரண்டு பேரும் தற்காலிக டீச்சர்கள். ஒரு நாள் மதராஸிலிருந்து வைக்கோல் திணித்த பெட்டி ஒன்று வந்தது. ஸ்டோர் பார்த்த பெரியவர் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். சுழலும் கத்தி என்பதற்கு இங்கிலீஷில் ஸ்விவல் என்று போட்டிருந்தது அவர் வாயில் வேறு மாதிரி வந்தது.

"சிவில் கத்தி ரெண்டு வந்திருக்கும்மா."

"அப்ப கிரிமினல் கத்தி எப்பய்யா வரும்?" என்று கேட்டாய்.

"அதுக்குத் தனியா எழுதிப் போடணும்மா" என்றார் அவர், சிரிக்காமல்.

அன்றிலிருந்து அது சிவில் கத்திதான். விரல் நீளம் இருக்கும். தலையில் சேணம் மாதிரி ஒரு வளைவு, அதில் ஆள்காட்டி விரலை உட்கார வைத்து அழுத்த வேண்டும். கட்டைவிரலும் நடுவிரலும் தண்டைத் திருப்பினால் அடியில் உள்ள அலகு எந்த வளைவுக்கும் திரும்பும். நனைத்த தோலில் பாதி ஆழத்துக்குக் கீறினால் பூவும் கொடியும் எழும்பி வரும். நல்ல கத்தியானால் வழுக்கிக்கொண்டு போகும். மோசமானதானால் சண்டி மாடு மாதிரி நின்று நின்று இழுக்கும்.

இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. "நீங்களே மொதல்ல எடுங்கக்கா" என்றாய். எனக்குப் பொறி தட்டியது. எதற்காக விட்டுக்கொடுக்கிறாள்? நேற்றே ஸ்டோருக்குள் போய்ப் பார்த்து வைத்திருப்பாளோ? வலது பக்கத்ததை எடுத்தேன். நான் அதை எடுக்க வேண்டும் என்றுதான் அதை என் பக்கம் வைத்திருக்கிறாள் என்று தோன்றியதும் வைத்துவிட்டு இடது பக்கத்ததை எடுத்தேன். தண்டைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டேன். நகத்தில் உரசிப் பார்த்தேன்.

"என்னக்கா, மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குறீங்க."

"மாப்பிள்ளைய இப்படிப் பாத்திருந்தா நான் ஏன்டி இங்க வந்து தோலைக் கீறிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். என் கதை உனக்கு அப்போது பாதிதான் தெரியும். என்னைக் கட்டியவர் பினாங்கு போனார், முதல் வருடம் மாதம் ஒரு கடிதம், இரண்டாம் வருடம் ஒன்றே ஒன்று, மூன்றாம் வருடம் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் என்று ஊர்க்காரர் ஒருவர் மூலம் சேதி. சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளைச் சந்தேகப்படாமல் கப்பலேற்றி அனுப்பிவிட்டேன். அதற்கு ஈடாக மிச்சமுள்ள உலகம் முழுவதையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். உன்னையும் சேர்த்து. உன்னைக் கொஞ்சம் கூடவே.

காரணம் இருந்தது. நிரந்தர வேலை ஒன்று, ஆள் இரண்டு. மூன்று மாதத்தில் மதராஸிலிருந்து இன்ஸ்பெக்டரம்மா வந்து, தன் கண்ணெதிரே நம்மைச் செதுக்கச் சொல்லி, ஒருத்தியை எடுப்பார் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் கிடைக்காவிட்டால் அரிமளத்துக்கு, அண்ணன் வீட்டுக்கு. தோல் வேலை என்று கேள்விப்பட்ட அன்றே அண்ணி எனக்கென்று ஒரு தட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். மிச்ச ஆயுளுக்கும் அந்தத் தட்டில் சாப்பிட வேண்டும். உனக்கு அப்பா இல்லை, தம்பியைப் படிக்க வைக்க வேண்டும். அதை நீ முதல் வாரமே என்னிடம் சொன்னாய். போட்டிக்காரியிடம் யாராவது இதைச் சொல்வார்களா? என் மனதை இளக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து அன்று முழுவதும் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சித்தன்னவாசலுக்குப் போய்த் தாமரைக் குளத்தை வரைந்து வந்தது நினைவிருக்கிறதா? கூரையில் உள்ள ஓவியத்தை அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நீ பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு வரைந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். திரும்பி வரும்போது பார்த்தால் உன் தாளில் குளம் நிறையத் தாமரை. என் தாளில் இருந்ததை நீ முட்டைக்கோஸ் என்றாய்.

அந்தத் தாமரை இதழைக் கீறும்போதுதான் வினை ஆரம்பித்தது. என் கத்தி இழுத்தது. உன்னுடையது வழுக்கிக்கொண்டு போனது. தீட்டிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் யாரும் இல்லாதபோது ஹாஸ்டல் அம்மியில் இரண்டு பக்கமும் தேய்த்தேன். அதோடு அது கத்தியே இல்லை, கரண்டி ஆகிவிட்டது. மறுநாள் நீ டிபன் பாத்திரம் கழுவப் போனபோது கத்தியை மாற்றிவிட்டேன்.

நாலு நாள் சொர்க்கம். ஐந்தாம் நாள் மறுபடி இழுப்பு. எட்டிப் பார்த்தால், நான் உன் தலையில் கட்டிய அந்தக் கரண்டி வெண்ணெயில் போவதுபோல் போகிறது. திருடி, கண்டுபிடித்துத் திரும்ப மாற்றிவிட்டாள் என்று எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மறுபடி மாற்றினேன். மறுபடி நாலு நாள். இப்படி எத்தனை தடவை என்று எனக்கே நினைவில்லை. அடையாளம் ஏதாவது போட்டிருக்கலாம்தான். ஆனால் அடையாளம் போட்டால் அது எனக்கு எதிராகவே சாட்சி சொல்லும் என்று விட்டுவிட்டேன். திருட்டிலும் எனக்குச் சட்ட ஞானம் உண்டு.

ஒரு நாள் கேட்டாய். "கத்தி நல்லா ஓடுதாக்கா?"

"எந்தக் கத்தி?"

"ஒங்க கையில இருக்கிறதத்தான் கேக்குறேன்."

அந்தப் பதிலை ஒரு வாரம் உருட்டி உருட்டிப் பார்த்தேன்.

அப்புறம் உன் விரல். வலது கை விரல் நுனியில் அடிக்கடி சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மருதாணி இல்லை, குங்குமமும் இல்லை. கேட்டால் "பொடிக்கா" என்றாய். என்ன பொடி என்று கேட்டால் மறைப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டு கேட்காமல் உன் பின்னால் வந்தேன். ஒரு சாயங்காலம் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் திரும்பி, நகை செய்கிற பத்தர் கடைக்குள் போனாய். வரும்போது கையில் சின்னப் பொட்டலம். இடுப்பில் செருகிக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் பார்க்காமல் நடந்தாய். அங்கிட்டு நான்தான் நின்றேன், வாழைத்தார் கடைக்குப் பின்னால்.

மறுநாள் தையல் டீச்சரிடம் போனேன். ஊருக்குச் செய்தி போக அவளைவிட நல்ல தபால் பெட்டி கிடையாது.

"நம்ம தங்கச்சி பத்தர் கடைக்குப் போகுது டீச்சர்."

"எதுக்கு?"

"எதுக்குப் போவாங்க, நகை செய்யத்தான்."

"கழுத்துல காதுல புதுசா ஒண்ணும் காணமே."

"இப்ப காணமின்னா, இனிமே வரப்போகுதுன்னு அர்த்தம்."

தாலி என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. அவள் வாயால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். அது என் வித்தை. அன்று மாலைக்குள் உனக்கு மாப்பிள்ளை தயாராகிவிட்டார். ஒரு கணக்கில் மணப்பாறை, ஒரு கணக்கில் திருமயம்.

இன்ஸ்பெக்டரம்மா வந்த காலை, வழக்கப்படி கத்தியை மாற்றிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஒரே அறையில் முதுகோடு முதுகு காட்டி இரண்டு மேஜை. எனக்குப் பின்னால் 'சரக், சரக்' என்று ஒரு சத்தம் பத்துப் பதினைந்து தடவை கேட்டது. என்னவென்று திரும்பிப் பார்க்க உடம்பெல்லாம் துடித்தது. பார்த்தால் என்னைச் சந்தேகப்படுவார்கள் என்று பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் திரும்பிப் பார்க்காத சத்தம் அது ஒன்றுதான்.

இரண்டு தாமரையும் ஒன்றுபோல வந்திருந்தன. நாம் இரண்டு பேரும் வராந்தாவில் நின்றோம். உள்ளே பேசியது நன்றாகவே கேட்டது. நான் நின்ற இடம் அப்படி.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நீங்களே சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

நம் சூப்பிரண்டம்மா சொன்னார். "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகப் போகுதும்மா. குடுத்தா ஆறு மாசத்துல விட்டுட்டுப் போயிரும். இந்தம்மா எங்கயும் போகாது."

நீ என்னைப் பார்த்தாய். "யாருக்குக்கா கல்யாணம்?"

"எனக்கென்ன தெரியும்."

நீ உள்ளே போய், அப்படி எதுவும் இல்லை என்று சொன்னாய். எல்லாப் பெண்ணும் இப்படித்தான் சொல்லும் என்று அவர்கள் சிரித்தார்கள். வேலை எனக்கு. எங்கும் போகாதவள் என்ற சான்றிதழோடு.

நீ திருவரங்குளம் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்குப் போனாய், பாதிச் சம்பளத்துக்கு. கிளம்புகிற அன்று ஸ்டோர்ப் பெரியவர், ஒரு சிவில் கத்தி ஒடிந்துவிட்டது என்று தானே அறிவித்துவிட்டு, ஒடியாத அதை உன் பையில் போட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் வந்தேன். நீ நிஜமாகவே பஸ் ஏறுகிறாயா என்று பார்க்க வேண்டாமா? ஜன்னல் வழியாகச் சொன்னாய்.

"கத்திய அப்பப்பத் தடவிக் குடுங்கக்கா. தடவிக் குடுத்தாத்தான் போகும்."

சூப்பிரண்டம்மாவுக்கு நான் தடவிக் கொடுத்துத்தான் வேலை வாங்கினேன் என்று குத்திக் காட்டுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். பஸ் போன பிறகு நல்ல நல்ல பதிலாகத் தோன்றியது.

நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் புதுக்கோட்டையில் விசாரித்தார்களாம். தாலி செய்யக் கொடுத்துக் கல்யாணம் நின்று போன பெண் என்று யாரோ சொன்னார்களாம். இதை உன் வாயாலேயே ஒரு தடவை, சித்திரைத் திருவிழாவில் வளையல் பார்த்துக்கொண்டே சொன்னாய். "எனக்கே தெரியாம எனக்கு ஒரு மாப்பிள்ளை இருந்திருக்காருக்கா. பேராவது தெரிஞ்சா நல்லாருக்கும்" என்றாய். நானும் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். உனக்குத் தெரிந்துதான் ஆழம் பார்க்கிறாயோ என்ற சந்தேகத்தில் வளையலுக்கு விலை கேட்டேன்.

இன்று காலை அந்தத் தோல் பட்டையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். அதே பத்தர்தான், கண்ணாடி மட்டும் தடித்திருக்கிறது. சிவப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"மெருகுப் பொடில்ல இது. நகை பளபளக்கத் தேய்க்கிறது. திருவரங்குளத்து டீச்சரு வந்து வாங்கிட்டுப் போகுமே. கத்திக்குன்னு சொல்லும். கத்திக்கு என்ன ஆத்தா மெருகுன்னு கேப்பேன். இல்லய்யா, பட்டையில தடவி இழுத்தா வழுக்கிக்கிட்டுப் போகும், எங்கக்கா அடிக்கடி மழுக்கிருவாங்கன்னு சொல்லும்."

வீட்டுக்கு வந்து உன் கத்தியைப் பட்டையில் வைத்து இழுத்தேன். சரக், சரக். அன்று முதுகுக்குப் பின்னால் கேட்டது இதுதான். தோலை நனைத்து ஒரு இதழ் போட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. பிறகு என் கத்தி. பதினைந்து வருடமாக நான் ஏர் ஓட்டுவதுபோல் ஓட்டி, கேட்ட பெண்களிடமெல்லாம் 'கத்தி அப்படித்தான், கை பழகணும்' என்று சொல்லிக்கொண்டிருந்த கத்தி. அதையும் இழுத்தேன். கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவும் போனது. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து இதழ் போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் எது உன்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. பார், இன்றைக்கும் மாற்றித்தான் தொலைத்திருக்கிறேன்.

நல்ல கத்தி என்று ஒன்று அந்தப் பெட்டியில் வரவேயில்லை. நான் மழுக்கியதை நீ தீட்டினாய். நீ தீட்டியதை நான் திருடினேன்.

கை அலம்ப வாசலுக்கு வந்தபோது தையல் டீச்சர் எதிர்ப்பட்டாள். இப்போது அடுத்த வீடு. கண் மட்டும் இன்னும் மங்கவில்லை.

"என்ன டீச்சர், வெரலெல்லாம் செவப்பா இருக்கு?"

"பத்தர் கடைக்குப் போயிட்டு வாரேன்."

"பத்தர் கடைக்கா? எதுக்கு?"

"எதுக்குப் போவாங்க, நகை செய்யத்தான்."

என் கழுத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருக்கோடிப் பக்கம் நடந்தாள். அந்த நடை எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் எனக்கும் ஒரு மாப்பிள்ளை தயாராகிவிடுவார், பினாங்குக்காரர் உயிரோடு இருக்கையிலேயே. யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. நீ சொன்னாய், யார் நம்பினார்கள்?

கையை இன்னும் அலம்பவில்லை.