பளபளத்த தகடு

அன்பு மகளுக்கு,

நானும் உன் தம்பியும் நலம், என் வலது கையையும் மனதையும் கணக்கில் சேர்க்காவிட்டால். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஆய்வுக்கூடத்தில் கருவியைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றியபோது, இருந்த எரிச்சலில் கையில் கொட்டிக்கொண்டேன், கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல தம்பி எழுதுகிறான். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவது என் சொந்தச் சரக்கு.) எரிச்சல் வராமல் என்ன செய்யும் சொல், நட்சத்திரத்துக்குள் நைட்ரஜன்மேல் புரோட்டான் மோதி ஆக்சிஜன் ஆகும் வேகத்தை அளக்க இரண்டு வருடம் காத்திருந்து முடுக்கி இயந்திரத்தில் நாற்பது நாள் வாங்கினேன், அந்த வேகம் தெரிந்தால்தான் நட்சத்திரத்தின் வயதைச் சரியாகச் சொல்லலாம். (தன் வயதைக் கேட்டால் மட்டும் முறைக்கிறாள்.) புரோட்டான் மோதுவதற்கென்று நைட்ரஜன் ஏற்றிய உலோகத் தகட்டிலிருந்து ஒரு நாளைக்கு நாலைந்து காமா சிக்னல் வந்தாலே பெரிது, இந்தத் தகட்டிலோ மணிக்கு ஆயிரம் கொட்டியது, பார்த்தால் அத்தனையும் ஃபுளோரின்! துளி ஒட்டியிருந்தாலும் போதும், நமக்கு வேண்டியது அதற்குள் மூழ்கிவிடும். எங்கிருந்து வந்தது என்று தேடியே முப்பது நாள் தொலைந்தது. பட்டறை அண்ணன்தான் தகட்டை வெட்டிக் கொடுத்தவர், குழாய் கசியாமலிருக்க வெள்ளை டேப் சுற்றுகிறவரும் அவர்தான், அந்த டேப்பில் ஃபுளோரின் இருக்கிறது. என் கை சுத்தம் மேடம் என்று அவர் எவ்வளவோ சொன்னார், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதினைந்து வருடப் பழக்கம், சோறு இறங்கவில்லை. அது கிடக்கட்டும், உனக்குப் பல் கூசுகிறது என்றாயே, கண்ட பேஸ்ட்டையும் வாங்காதே, ஃபுளோரைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, அதுவும் ஃபுளோரின்தான், பல்லுக்கு நல்லது.

(அக்கா, இங்கே என் பேனா நின்றுவிட்டது. ஏன்டா எழுதவில்லை என்கிறாள், மை தீர்ந்துவிட்டது என்று புளுகினேன். அந்தத் தகடு ஒரு நாள் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தது. மார்க்கர் பேனாவால் அதில் அம்மா முகம் வரைந்தேன், மூக்குக்கண்ணாடி, மீசை எல்லாம் வைத்து. துடைத்தால் போகவில்லை. பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பட்டறை அண்ணன் என்னமாய் மெருகு போட்டிருக்கிறார் பார் என்று அம்மா அதைத் தூக்கிக் காட்டினாள், நானும் ஆமாம் போட்டேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லை. கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்ப்பாள்.)

நேரத்துக்குச் சாப்பிடு, பல் டாக்டரைத் தள்ளிப்போடாதே, எடுத்த காரியம் உனக்காவது கூடி வரட்டும், நன்றாயிரு.

படித்துவிட்டேன். பட்டறை அண்ணன் வீட்டுக்குக் கிளம்புகிறேன். நானும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இவனும் வருகிறான். இன்னும் பத்து நாள் இருக்கிறது, புதுத் தகடு வெட்டித் தருவாரா என்று கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.

இடது கையால்,
அம்மா