முள்ளும் இல்லை, ஆணியும் இல்லை

ஏனுங்க,

நானும் தனப்பிரியாவும் பள்ளிபாளையத்துக்கு, என் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகிறோம். குக்கரில் அரிசிம்பருப்பு சாதம் இருக்கிறது.

பாறையைப் பார்த்தே எங்கே தண்ணீர் வரும் என்று சொல்கிற ரிக் வண்டிக்காரருக்கு, சொந்த உள்ளங்காலில் இருப்பது என்னவென்று தெரியவில்லை. "முள்ளு முனை உள்ள நிக்குது புள்ள, கறுப்பாத் தெரியுது பாரு" என்று பிளேடால் குடைந்தீர்கள். இப்போது தனப்பிரியாவின் குதிகாலிலும் அதே கறுப்புப் புள்ளிகள். இத்தனை நாளும் நொண்டுவதை மறைத்திருக்கிறாள். "அப்பாகிட்டச் சொல்லாதீங்கம்மா, பிளேடோட வந்துருவாரு" என்கிறாள்.

நேற்று அவளைத் தோல் டாக்டரிடம் காட்டினேன். அது முள் இல்லை, கால் ஆணியும் இல்லை, மருவாம். பாதத்து ரேகை அதன்மேல் ஓடாமல் விலகிப் போகிறது. இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினால் வலிக்கிறது. அந்தக் கறுப்பு, உள்ளே உறைந்த ரத்தமாம். ஈரத் தரையில் பரவுமாம். அறுத்த காலோடு பாத்ரூமெல்லாம் வெறுங்காலில் நடந்த பெருமை உங்களுடையது.

மருந்து ஜன்னலில் இருக்கிறது. வெந்நீரில் பாதத்தை ஊறவைத்து, செத்த தோலைத் தேய்த்தெடுத்துவிட்டு, மருவின்மேல் மட்டும் தடவ வேண்டும். குணமாக மாதக்கணக்காகும். ஒரே நாளில் துளைபோட்டு முடிக்க இது போர்வெல் இல்லை. பாத்ரூமுக்கு ஆளுக்கொரு செருப்பு வைத்திருக்கிறேன். போட்டுக்கொண்டு நடங்கள்.

வசந்தாமணி

பி.கு: மருந்தைத் தொடாதீர்கள். பிளேடால் குடைந்தபோதே பார்த்தேன், தொந்தியை மீறி உங்களுக்கு உள்ளங்கால் சரியாக எட்டாது, கண்ட இடத்தில் தடவிப் புண்ணாக்கிக்கொள்வீர்கள். சாயங்காலம் நானே வந்து போட்டுவிடுகிறேன். நீங்கள் காலை நீட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டாம்.